ஸ்பைஸ் கேர்ள்ஸ் கடைசி ஆல்பம் 'ஃபாரெவர்': பாணி எங்கே மாறியது? வளவில் போட்டுக் காட்ட யோசனை வேண்டும்

செக்காலை வாசகர் கேட்கிறார்:

காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு ஒரு பாட்டுக் கேட்கும் கூட்டம். ஒன்றரை மணி நேரம். இந்த முறை எடுத்திருப்பது ஐந்து பெண்களோடு தொடங்கிய பிரிட்டிஷ் பாப் குழு ஸ்பைஸ் கேர்ள்ஸின் மூன்றாவதும் கடைசியுமான ஆல்பம், 2000 நவம்பரில் வந்த 'ஃபாரெவர்'. முதல் இரண்டு ஆல்பங்களையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு வேறு குழுவோ என்று தோன்றுகிறது. "ஆர் அண்ட் பி பக்கம் போய்விட்டார்கள்" என்று, அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பிறந்த பாட்டு வகைக்கு மாறிவிட்டார்கள் என்று, ஒரே வரியில் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. காதால் கேட்டுக் கண்டுபிடிக்கிற மாதிரி எதைக் காட்டலாம்? எந்தப் பாட்டுக்குப் பிறகு எதைப் போடலாம்?

இன்னொன்று இடம். பழைய வீட்டின் வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றித் தேக்குத் தூண் போட்ட தாழ்வாரம், ஆத்தங்குடிக் கல் தரை, முட்டைச் சுண்ணாம்பு பூசி வழவழவென்று இருக்கும் சுவர். கை தட்டினால் சத்தம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மைக்செட்டுக்காரர் இரண்டு பெட்டி ஸ்பீக்கரும் இரண்டு குழாயும் கொண்டு வருவார். வாத்தியப் பாட்டு எது போட்டாலும் அங்கே குழம்பிப்போகும் என்று பயமாக இருக்கிறது.

---

கோட்டையூர் கேசட் எழுதுகிறார்:

முதலில் யார் செய்தது என்பதைப் பாருங்கள், பாதி விடை அதில் இருக்கிறது. 1996இன் 'ஸ்பைஸ்', 1997இன் 'ஸ்பைஸ்வேர்ல்ட்' இரண்டிலும் பெரும்பங்கு லண்டன் ஆட்கள். ரிச்சர்ட் ஸ்டானர்ட் – மேட் ரோ ஜோடி ஒரு பக்கம், 'அப்சொல்யூட்' என்ற பெயரில் வேலை செய்த பால் வில்சன் – ஆண்டி வாட்கின்ஸ் ஜோடி இன்னொரு பக்கம். இவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு உடுப்பு தைத்தார்கள். 'ஹூ டு யூ திங்க் யூ ஆர்' டிஸ்கோ, 'ஸ்டாப்' அறுபதுகளில் அமெரிக்க மோட்டவுன் கம்பெனி வெளியிட்ட பாட்டு மாதிரி, 'ஸ்பைஸ் அப் யுவர் லைஃப்' லத்தீன் தாளம், 'விவா ஃபாரெவர்' ஸ்பானிய கிட்டார்.

'ஃபாரெவர்' ஆல்பத்தில் பதினோரு பாட்டு. முதல் எட்டும் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் ராட்னி ஜெர்கின்ஸ் குழுவின் கைவேலை. ஒன்பதாவதும் பத்தாவதும் ஜேனட் ஜாக்சனோடு நெடுங்காலம் வேலை செய்த ஜிம்மி ஜாம் – டெர்ரி லூயிஸ். கடைசிப் பாட்டு 'குட்பை' மட்டும் பழைய ஸ்டானர்ட் – ரோ. அது 1998 டிசம்பரிலேயே சிங்கிளாக (தனிப்பாட்டு வெளியீடாக) வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆக, எட்டுப் பாட்டு ஒரே பட்டறையில் செய்தவை. பல உடுப்பு போய்ச் சீருடை வந்துவிட்டது. அதனால்தான் உங்களுக்கு வேறு குழு மாதிரித் தோன்றுகிறது.

ஜெர்கின்ஸ் கை எது என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளைத் தாளத்தைக் கேட்கச் சொல்லுங்கள். 'வானபி'யில் அடி நேராக விழும், காலால் தட்டிக்கொண்டே போகலாம். 'ஹாலர்' பாட்டில் பேஸ் டிரம் எதிர்பார்த்த இடத்தில் விழாமல் அரைக்கால் அடி முன்னும் பின்னும் நகரும். நடுவில் இடைவெளி விட்டிருப்பார். மெல்லிய ஹை ஹாட் (டிரம் செட்டின் ஜோடித் தட்டு) சத்தம் அந்த இடைவெளியைப் பொடிப்பொடியாக நிரப்பும். கீபோர்டு நீட்டி ஒலிக்காமல் நரம்பைச் சுண்டிவிட்ட மாதிரி டக்கென்று நிற்கும். பிராண்டி, மோனிகா சேர்ந்து பாடிய 'தி பாய் இஸ் மைன்' (1998), டெஸ்டினிஸ் சைல்டின் 'சே மை நேம்' (1999) இரண்டும் அவர் செய்ததே. அவற்றில் ஒரு நிமிடம் போட்டுவிட்டு 'ஹாலர்' போடுங்கள், சொல்லாமலே பிடித்துக்கொள்வார்கள்.

என் வரிசை இது: 'வானபி', 'சே யூல் பி தேர்', 'ஸ்டாப்', பிறகு 'தி பாய் இஸ் மைன்' ஒரு நிமிடம், 'ஹாலர்', 'டெல் மி ஒய்', 'ஆக்சிஜன்', கடைசியாக 'குட்பை'. பாட்டுக்கு நாலு நிமிடம் என்று வைத்தாலும் அரை மணிக்குள் முடியும். பேசவும் திரும்பப் போட்டுக் கேட்கவும் ஒரு மணி நேரம் மிச்சம். 'ஆக்சிஜன்' முடிந்து 'குட்பை' தொடங்கும்போது ஆல்பமே இரண்டு வருடம் பின்னால் போகிறது, அந்த இடத்தில் இடைவெளி விடாமல் போடுங்கள்.

விற்பனைக் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முதல் ஆறு சிங்கிளும் பிரிட்டனில் முதலிடம். ஏழாவது 'ஸ்டாப்' இரண்டாமிடம். 'ஹாலர்', 'லெட் லவ் லீட் த வே' இரண்டும் ஒரே வெளியீடாக வந்து அவர்களுடைய ஒன்பதாவது முதலிடம் ஆனது. ஆனால் ஆல்பம் வெஸ்ட்லைஃபின் 'கோஸ்ட் டு கோஸ்ட்' வந்த அதே வாரத்தில் வந்து இரண்டாமிடத்தில் நின்றது, அமெரிக்காவில் 39. அதற்கப்புறம் அந்த ஆல்பத்திலிருந்து வேறு சிங்கிள் வரவில்லை. பாணி தப்பு என்று நான் சொல்லமாட்டேன், நேரம்தான் தப்பு. ஜெர்கின்ஸ் சத்தம் இரண்டு வருடமாக எல்லா வானொலியிலும் ஓடித் தேய்ந்தபிறகு இது வந்தது.

---

பள்ளத்தூர் சுருதி எழுதுகிறார்:

கேசட் அண்ணன் சொன்னதில் தாளம் சரி, பெரிய மாற்றம் அங்கே இல்லை என்பது என் எண்ணம். ஆர் அண்ட் பி இந்தக் குழுவுக்குப் புதிதே அல்ல. 1996இன் 'சே யூல் பி தேர்' பாட்டிலேயே அமெரிக்க மேற்குக் கரையின் சிந்தசைசர் சத்தம் இருக்கிறது, நடுவில் மவுத் ஆர்கன் வந்து அதை மறைக்கிறது. மாறியது குரல்களை அடுக்கிய விதம். பிள்ளைகள் நிச்சயம் காதால் பிடிக்கக்கூடியது இதுதான், கூட்டத்தின் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள்.

'வானபி' போடும்போது எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுத்து, குரல் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மெல் பி, மெல் சி, எம்மா, ஜெரி நால்வரும் பந்து தட்டுகிற மாதிரி வரியை மாற்றி மாற்றி வாங்குவார்கள் (விக்டோரியாவுக்கு அதில் தனி வரி கிடையாது). பல்லவி வந்ததும் எல்லாரும் ஒரே சுரத்தில் சேர்ந்து கத்துவார்கள். நம் ஊர்க் கும்மியில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். குரலைக் கேட்டதும் ஆள் தெரியும், ஆள் தெரிந்ததால்தான் ஐந்து பேருக்கும் ஐந்து பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்து 'ஹாலர்' போட்டு அதே மாதிரிக் கோடு போடச் சொல்லுங்கள். சரணத்தில் போடுவார்கள். பல்லவியில் பேனா நின்றுவிடும். அங்கே ஒருத்தி ஸ பாடும்போது இன்னொருத்தி க, வேறொருத்தி ப என்று ஒரே நேரத்தில் அடுக்கியிருக்கிறது. அந்தக் காலத்து ஆர் அண்ட் பி பதிவுகளில் ஒவ்வொரு அடுக்கையும் பலமுறை பாடி, இடப்பக்கமும் வலப்பக்கமும் விரித்து வைப்பது வழக்கம். ஒரு கணக்குக்குச் சொன்னால், மூன்று சுரம், ஒவ்வொன்றும் நாலு முறை என்றால் பன்னிரண்டு குரல். ஒரே ஆள் நாலு முறை பாடும்போது சுருதியும் காலமும் மயிரிழை மாறும். அந்த மாற்றங்கள் ஒன்றோடொன்று கலந்து ஆளின் அடையாளம் கரைந்துபோகும். பட்டு மாதிரி ஒரு சத்தம் கிடைக்கும், யார் பாடுவது என்பது மட்டும் போய்விடும். மேலே தனித்துத் தெறிப்பது பெரும்பாலும் மெல் சியின் குரல்.

இதைச் செய்து காட்டுங்கள், பத்து நிமிட வேலை. பல டிராக் பதியும் செயலி ஒன்றைச் செல்போனில் போட்டு, ஒரு பெண்ணை ஒரே வரியை நாலு முறை பாடச் சொல்லிப் பதியுங்கள். இயர்போன் கட்டாயம், இல்லாவிட்டால் முன்னால் பதிந்தது மைக்கில் ஏறி எல்லாம் எதிரொலி ஆகும். ஒவ்வொரு முறையும் பாடும் முன் எண்ணிக்கையோடு ஒரு கைத்தட்டு, பிறகு தட்டுகளை வைத்து நேர்ப்படுத்தலாம். ஒரு டிராக் முப்பது மில்லிசெகண்டுக்கு மேல் பின்தங்கினால் அடர்த்தி போய்த் தனித்தனியாகப் பாடியதாகக் கேட்கும். பெரிய சிக்கல் 'ஸ்', 'ட்' மாதிரி எழுத்துகள். நாலு குரலும் வரி முடிவில் 'ஸ்' சொன்னால் பாம்பு சீறுகிற மாதிரி வரும். ஒருத்தி மட்டும் சொல்லட்டும், மற்ற மூன்று டிராக்கிலும் அதை விழுங்கிவிடச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு டிராக்கை மட்டும் போடுங்கள், பிறகு நாலையும் போடுங்கள். அதற்குமேல் விளக்கமே தேவைப்படாது.

காரைக்குடிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் இரண்டு வீணையும் சேர்ந்து வாசித்தவர்கள். ஒரே வரியை இரண்டு வாத்தியம் வாசித்தால் நாதம் எப்படித் தடிக்கிறது என்பதை அங்கிருந்து தொடங்கலாம்.

ஜெரி 1998 மே கடைசியில் விலகியதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் பெரிய பாடகி அல்ல. கரகரத்த, பேச்சு மாதிரியான அந்தக் குரல்தான் மற்ற நாலு பேரிடமிருந்து மிகவும் விலகி நின்றது. அது போனதும் மிச்சக் குரல்களை ஒட்டவைப்பது சுலபமாயிற்று. மிச்சம் இருந்தவர்களும்கூட அதற்குள் வேறு வேறு திசை. மெல் பி 1998லேயே அமெரிக்க ராப் பாடகி மிஸி எலியட்டோடு தனிப்பாட்டு வெளியிட்டு முதலிடம் பிடித்தார். மெல் சி 1999இல் ராக் பக்கம் சாய்ந்த 'நார்தர்ன் ஸ்டார்' ஆல்பம் போட்டார். விக்டோரியா 2000 ஆகஸ்டில் ட்ரூ ஸ்டெப்பர்ஸோடு லண்டன் கராஜ் என்ற நடன இசைப் பாணியில் பாடினார். இந்த வரிசையில் பார்த்தால் 'ஃபாரெவர்' மெல் பியின் ருசிக்குத்தான் மிக அருகில் இருக்கிறது.

ஒரு சான்று விட்டுப்போயிற்று. 'ரைட் பேக் அட் யா' பாட்டை 1999 டிசம்பர் கச்சேரிகளிலேயே பாடினார்கள், எலியட் கென்னடியோடு செய்த துள்ளலான பாப் வடிவம் அது. ஆல்பத்தில் ஜெர்கின்ஸ் அதையே ஆர் அண்ட் பி ஆக்கினார். மெட்டு அதே, ஆள் அதே, சத்தம் மட்டும் வேறு. பழைய கச்சேரிப் பதிவு கையில் கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள், மற்றப் பாட்டெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

---

கானாடுகாத்தான் மைக்செட் எழுதுகிறார்:

நான் இடத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

குழாயைக் கட்டவே வேண்டாம்னு சொல்லிடுங்க. குழாய் தூரத்துக்குப் பேச்சைக் கொண்டுபோகச் செஞ்சது, அடித்தொண்டைச் சத்தம் அதுல வராது. 'வானபி' குழாயில்கூட அடையாளம் தெரியும். இந்த ஆல்பத்துல பாதி விஷயம் பேஸ் டிரம்முல இருக்கு, குழாயில போட்டா எலும்புதான் கேக்கும்.

வளவுல ஏன் குழம்புதுன்னு கணக்கா சொல்றேன். நம்ம ஊர் வெயில்ல சத்தம் செகண்டுக்குச் சுமார் 350 மீட்டர் போகும். எதிர்ச் சுவர் 12 மீட்டர் தள்ளி இருந்தா, போய்த் திரும்ப 24 மீட்டர், கிட்டத்தட்ட 70 மில்லிசெகண்ட். நிமிஷத்துக்கு 100 அடி ஓடுற பாட்டுல கால் அடிக்கு 150 மில்லிசெகண்ட். ஆக ரெண்டு பொடி அடிக்கு நட்டநடுவுல திரும்பி வந்த சத்தம் விழும். கேசட் சொன்ன இடைவெளியெல்லாம் அதுல நிரம்பிடும். நேரடி சத்தம் பலமாவும் திரும்புற சத்தம் பலவீனமாவும் இருக்கணும், அவ்வளவுதான் விஷயம்.

அதுக்குப் பிள்ளைங்களை வளவு முழுக்கப் பரப்பி உட்கார வைக்காதீங்க. ஒரு பக்கத் தாழ்வாரத்துல, பெட்டியிலிருந்து மூணு மீட்டருக்குள்ள அரைவட்டமா உட்காரட்டும். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ரெண்டு, ரெண்டரை மீட்டர். தரையில உட்கார்ந்தா காது முக்கால் மீட்டர் உயரத்துல இருக்கும், பெட்டியோட மேல் ஸ்பீக்கர் அந்த உயரத்துக்கு வர்ற மாதிரி முக்காலி போடுங்க. பெட்டியை மூலையில தள்ளாதீங்க, மூலையில வெச்சா பேஸ் ஊதிப்போகும். சுவத்துலேர்ந்து ஒரு மீட்டர் முன்னால இழுங்க. சத்தம் கம்மியா வைங்க, பக்கத்துல உட்கார்ந்தவங்க கொஞ்சம் குரல் உசத்திப் பேசினா கேக்குற அளவு போதும்.

தரைக்குக் கனமான ஜமுக்காளத்தை ரெண்டா மடிச்சுப் போடுங்க. கோரைப்பாய் மெலிசு, பிரயோஜனம் கம்மி. பிள்ளைங்களுக்குப் பின்னால இருக்கிற சுவத்துல இலவம்பஞ்சு மெத்தை நாலஞ்சைச் சாச்சு நிறுத்தினா நல்ல வித்தியாசம் தெரியும். சுவத்துல டேப் ஒட்டாதீங்க, ஆணி அடிக்காதீங்க. அந்தப் பூச்சு உரிஞ்சா இன்னைக்கு அதைப் பூசத் தெரிஞ்ச கொத்தனாரைத் தேடிப் பிடிக்கணும். கனத்த போர்வை தொங்கவிடணும்னா தூணுக்குத் தூண் கயிறு கட்டுங்க, தூணைக் கயிறு அறுக்காம நடுவுல துணி சுத்துங்க. துணியும் மெத்தையும் மேல் சத்தத்தைத்தான் உறிஞ்சும், பேஸை ஒண்ணும் செய்யாது. நல்லவேளை முற்றம் திறந்திருக்கு, பேஸ் அதுவழியாப் போயிடும். முற்றத்துக்குக் கூரை போட்ட வீடா இருந்தா இந்த அளவு சுலபமில்லை.

இப்ப முக்கியமான ஒண்ணு. செல்போன்லேர்ந்து மிக்சருக்கு எந்த வயரைப் போடப்போறார்னு கேளுங்க. செல்போன்ல வர்றது இடம் வலம் ரெண்டு சத்தம். ஒத்தை வயரா அதை மைக் சாக்கெட்ல சொருகினா, மிக்சர் இடத்துலேர்ந்து வலத்தைக் கழிச்சிடும். ரெண்டுலயும் ஒரே அளவு இருக்கிறது கழிஞ்சு பூஜ்யம் ஆயிடும். பாட்டுல நடுவுல வைக்கிறது பாடுற குரலும் பேஸ் டிரம்மும். பின்னணி மட்டும் ஓடும், பாடுறவங்களைக் காணோம்! ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு பெட்டியைக் கழட்டிப் பாக்கிறாங்க, தப்பு வயர்ல இருக்கும். ஒரு முனை செல்போன் பின், மறுமுனை ரெண்டாப் பிரிஞ்ச வயர் வாங்கி, ரெண்டு லைன் சேனல்ல தனித்தனியாப் போட்டு, ஒண்ணை முழுசா இடப்பக்கமும் ஒண்ணை முழுசா வலப்பக்கமும் திருப்பி வைங்க.

திருப்பி வைக்காம விட்டாலும் தப்பு. மைக்செட் நிறைய இடத்துல ரெண்டு பெட்டிக்கும் ஒரே சத்தத்தைத்தான் அனுப்பும். அப்ப சுருதி சொன்னாங்களே ரெண்டு பக்கமும் விரிச்ச அடுக்குக் குரல், அது நடுக்குரலுக்குப் பின்னால அமுங்கிப்போகும். அதைக் காட்டத்தானே கூட்டமே நடத்துறீங்க.

பழைய பாட்டு மெதுவாவும் புதுசு பலமாவும் கேட்டா, பலமா இருக்கிறதுதான் நல்லாயிருக்குன்னு காது ஏமாந்துடும். செயலியில சத்தத்தைச் சமப்படுத்துற அமைப்பை ஓட விடுங்க, ஒரு பாட்டுக்குள்ள அடுத்ததைக் கலக்குற அமைப்பை நிறுத்துங்க. டோன்ல பேஸையும் டிரெபிளையும் ஏத்தச் சொல்லாதீங்க. வளவுல 250 ஹெர்ட்ஸ் பக்கம் மூணு டெசிபல் குறைச்சா அதுவே தெளியும்.

---

செக்காலை வாசகர் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. தாளில் கோடு போடுவதும் நாலு டிராக் பதிவதும் கட்டாயம் வைக்கிறேன். இரண்டு சந்தேகம். கடைசி ஆல்பம் என்றாலே குரல்கள் கரைந்துவிடும் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடக் கூடாது. எதிர் உதாரணம் இருக்கிறதா? அப்புறம் நாலு பெண்கள் முடிவில் ஒரு பாட்டு பாட ஆசைப்படுகிறார்கள். 'ஹாலர்' பாடலாமா?

---

கோட்டையூர் கேசட் எழுதுகிறார்:

எதிர் உதாரணம் அருமையாக இருக்கிறது: டெஸ்டினிஸ் சைல்டின் கடைசி ஆல்பம் 'டெஸ்டினி ஃபுல்ஃபில்ட்', 2004 நவம்பர். முந்தைய ஆல்பங்களில் பியான்சே குரல்தான் முன்னால் நிற்கும். இதில் 'கேட்டர் 2 யூ' பாட்டைப் போட்டுப் பாருங்கள். முதல் சரணம் பியான்சே, இரண்டாவது கெல்லி, மூன்றாவது மிஷெல். பிரிவதற்கு முன் மூவரையும் தனித்தனியாக நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். முதல் பாட்டு 'லூஸ் மை பிரெத்' அணிவகுப்பு முரசு மாதிரிப் பாய்கிறது, செய்தவர்களில் அதே ராட்னி ஜெர்கின்ஸ் உண்டு. ஆல்பத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகு மெதுவாக இறங்கிவிடுகிறது. 2005 ஜூனில் பார்சிலோனா மேடையில் பிரிவை அறிவித்தார்கள். ஒரே தயாரிப்பாளர் இரண்டு கடைசி ஆல்பத்திலும் இருந்தும் குரல் விஷயம் நேர் எதிராகப் போயிருக்கிறது. சுருதி சொன்னதை இந்த இடத்தில் நான் ஒப்புக்கொள்கிறேன், தாளத்தைவிடக் குரல் அடுக்குதான் பெரிய மாற்றம்.

---

பள்ளத்தூர் சுருதி எழுதுகிறார்:

'ஹாலர்' வேண்டாம். பல்லவிக்குப் பன்னிரண்டு குரல் வேண்டிய இடத்தில் நாலு பேர் நின்றால் வெறிச்சென்று இருக்கும். 'ஸ்டாப்' எடுங்கள். பல்லவி நேர்க்கோடு, அடி நேராக விழுகிறது, கை அசைவும் சுலபம். கரோக்கி டிராக் பின்னணிக் குரலோடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சுருதி உயரமாகப் பட்டால் இரண்டு அரைச்சுரம் வரை இறக்கலாம், அதற்குக் கீழே போனால் டிரம் சத்தம் பிசுபிசுக்கும். சரணத்தை நாலு பேருக்கும் பிரித்துக் கொடுங்கள். பல்லவியில் மூவர் ஒரே சுரம், ஒருத்தி மட்டும் மேலே மூன்றாவது சுரம் பாடட்டும். மேலே பாடுகிறவள் மற்றவர்களைவிட மெதுவாகப் பாட வேண்டும், இல்லாவிட்டால் மெட்டு எது என்றே தெரியாமல் போகும்.

---

கானாடுகாத்தான் மைக்செட் எழுதுகிறார்:

நாலு மைக் திறந்து வெச்சா ஒரு மைக்குக்குக் கிடைக்கிற சத்தத்துல ஆறு டெசிபல் குறைச்சுத்தான் வைக்க முடியும், மீறினா கூவும். அதனால மைக்கை வாயிலேர்ந்து நாலு விரல் தூரத்துக்குள்ள பிடிக்கச் சொல்லுங்க. தலையைக் கையால மூடிப் பிடிச்சா உடனே கூவும், கைப்பிடியில மட்டும் பிடிக்கணும். பெட்டி ரெண்டுக்கும் முன்னால நிக்காம ஒரு மீட்டர் பின்னால நிக்கணும். வளவுல எதிரொலியைக் கூட்டுற பொத்தானை மைக்செட்டுக்காரர் பழக்கத்துல திருப்பிடுவார், அதை முழுசா மூடிவைக்கச் சொல்லுங்க.